சொந்தச் செலவில் ஒரு புத்தகம்: கையெழுத்துப் பிரதியிலிருந்து வாசகர் சொல் வரை

செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் வீட்டைப் பற்றியும், அப்பத்தாளும் ஆயாவும் (அம்மாவின் அம்மா) சொல்லிக் கேட்டவற்றைப் பற்றியும் எழுதிய 22 கட்டுரைகளை 128 பக்கப் புத்தகமாகப் போட்டேன். பதிப்பகம் எதுவும் இல்லை, கைக்காசுதான். 300 பிரதி. எழுதி முடித்ததிலிருந்து புத்தகம் கைக்கு வர நாலரை மாதம் ஆனது. அதில் ஒன்றரை மாதம் வெறும் தெரியாத்தனத்தால் போனது. செலவும் அப்படித்தான் கொஞ்சம் கூடியது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதே எண்ணத்தோடு நோட்டில் எழுதி வைத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. அச்சு வேலை கடினமில்லை, கேட்டுக் கேட்டுச் செய்துவிடலாம். புத்தகம் வெளியே போனபிறகு நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்களே, அதற்குத்தான் நான் தயாராக இல்லை. அதனால் கடைசிப் படிகளை நிதானமாகப் படியுங்கள்.

1. எழுதியது யாருடைய கதை என்று பாருங்கள்

நம் ஊர் வீடுகளில் இது பெரிய விஷயம். முகப்பில் நின்று படம் எடுத்துவிடலாம், ஆனால் அந்த வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், சாவி வேறொருவரிடம். நான் சாவி வைத்திருந்தவரிடம் மட்டும் கேட்டேன். புத்தகம் வந்தபின் மற்றவர்கள், "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தப் படம், எந்தக் கட்டுரை, என்ன தலைப்பில் வருகிறது, பெயர் போடலாமா கூடாதா, கையெழுத்து, தேதி. முத்திரைத்தாள் எதுவும் தேவையில்லை. வெளியூரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதினால் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வரும் சமயம் பார்த்தால் ஒரே நாளில் முடியும். பிறகு நான் தனித்தனியாக அலைந்து மூன்று வாரம் போனது.

பழைய கடிதங்களைச் சேர்ப்பவர்கள் கவனியுங்கள். பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ ஐயா (தாத்தா) எழுதிய கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கலாம். தாள் உங்களுடையது. அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. சொந்த ஐயாவின் கடிதம் என்றாலும் சித்தப்பா வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பகுதிகளைத் தனியாக எடுத்து வைத்து ஒருமுறை படியுங்கள். கடன், சொத்து, கல்யாணப் பேச்சு இந்த மூன்றும் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு கட்டுரையில் ஒரு கடன் விவகாரத்தைக் கோடு போடாமல் அப்படியே விட்டுவிட்டேன். அது என்ன ஆனது என்பது கடைசியில் வரும்.

2. மூன்று பேரிடம் கொடுங்கள், மூன்று கேள்வியோடு

அச்சுக்கு முன் கிடைக்கும் கருத்துதான் வேலைக்கு ஆகும் கருத்து. அப்போது மாற்ற முடியும். பின்னால் சொன்னால் வருத்தப்படத்தான் முடியும்.

பத்துப் பேரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். ஒன்பது பேர் "நல்லாருக்கு" என்றார்கள், ஒருவர் இன்னும் தரவில்லை. ஆளைப் பார்த்துக் கேள்வியைக் கொடுப்பதே சரி. ஊர் வழக்கம் தெரிந்த ஓர் ஆச்சி: "இதில் தப்பாக எழுதியது எது?" செட்டிநாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர்: "எந்த இடத்தில் புரியாமல் நின்றீர்கள்?" தமிழ் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர்: "எங்கே சலிப்பாக இருந்தது?" இருபது நாள் அவகாசம் சொல்லுங்கள். படிக்கக் கண் சரியில்லாத ஆச்சியிடம் நீங்களே போய்ப் பட்டாலையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். இடையிடையே அவர்கள் சொல்லுவதைக் குறித்துக்கொள்ள நோட்டு வேண்டும். நான் இந்த வேலையைத் தவிர்த்தேன், அதற்கான விலை 7ஆம் படியில் இருக்கிறது.

3. எழுத்துரு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு

நீங்கள் கைபேசியிலோ கணினியிலோ யுனிகோடில் தட்டியிருப்பீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பு இடம் மாறும், சில எழுத்து காணாமல் போகும், வரி முடிவுகள் சிதறும். முதலில் பத்துப் பக்கம் மட்டும் கொடுத்து எப்படி வருகிறது என்று பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்பில் யுனிகோடிலேயே வடிவமைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அவரிடமே போங்கள், பக்கத்துக்குப் பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்தது நம் வட்டாரச் சொற்கள். வெளியூர் மெய்ப்புத் திருத்துநர் (அச்சுக்கு முந்தைய பிரதியில் பிழை பார்ப்பவர்) நல்ல எண்ணத்தோடுதான் திருத்துவார். என் புத்தகத்தில் "வளவு" (வீட்டின் உள்முற்றப் பகுதி) எல்லா இடத்திலும் "வளைவு" ஆகியிருந்தது. "வளைவில் உட்கார்ந்து அப்பளம் காயவைத்தோம்" என்று படித்தபோது வயிற்றைக் கலக்கியது. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, அப்பத்தாள், ஆயா, சாமான் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் பட்டியல் போட்டு, "இவற்றைத் தொட வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள்.

மெய்ப்பு மூன்று முறை பாருங்கள். மூன்றாவது முறை எண்களுக்கு மட்டும். தேதி, வயது, அளவு, எண்ணிக்கை. கண் எழுத்தைப் படிக்கும், எண்ணைத் தாண்டிப் போய்விடும். ஒருவர் மூலப் பிரதியை வாசிக்க இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துச் சரிபார்ப்பதுதான் வழி. ஒரு சாயங்காலம் போதும்.

கடைசி மெய்ப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டுதான் அச்சுக்கு விடுங்கள். என் விஷயத்தில் அச்சகத்தார் இரண்டாவது மெய்ப்புக் கோப்பையே ஓட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட நகல் இருந்ததால்தான் முதல் 32 பக்கத்தைத் தங்கள் செலவில் மறுபடி அடித்துத் தந்தார்கள்.

4. ஐஎஸ்பிஎன்: காசு கொடுக்காதீர்கள்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. அவர்கள் இணையதளத்தில் பதிப்பகமாக இல்லாமல் ஆசிரியராகவே பதிந்துகொள்ளலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டைப் படம், தலைப்புப் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, அட்டையில் இன்னொன்று என்றால் திரும்பி வரும்.

எனக்கு இது தெரியாது. "நாங்களே வாங்கித் தருகிறோம்" என்ற ஓர் இடைத்தரகரிடம் 1,500 ரூபாய் கொடுத்தேன். எண் வந்தது, ஆனால் பதிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதை விட்டுவிட்டு நானே புதிதாக விண்ணப்பித்தேன். அட்டை வடிவமைப்பு முடிந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள், மெய்ப்பு பார்க்கும் நேரத்தில் அது பாட்டுக்கு நடக்கும். எண் கைக்கு வரும் முன் அட்டையை அச்சுக்கு விட வேண்டாம்.

அதே புத்தகத்தை மறுபடி அச்சிட்டால் அதே எண்தான். உள்ளடக்கத்தை நிறைய மாற்றித் திருத்திய பதிப்பாகக் கொண்டுவந்தால் புது எண் வேண்டும். மின்னூலுக்குத் தனி எண்.

5. எத்தனை பிரதி, எவ்வளவு செலவு

என் கணக்கை அப்படியே தருகிறேன். பக்க வடிவமைப்பு, பக்கத்துக்கு 30 வீதம் 3,840 ரூபாய். மெய்ப்பு, பக்கத்துக்கு 15 வீதம் 1,920. அட்டை 2,500. அச்சு, தாள், கட்டு எல்லாம் சேர்த்து 300 பிரதிக்கு 27,000. மொத்தம் 35,260. ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 118 ரூபாய். விலை 180 வைத்து நேரிலேயே விற்றேன். கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். 180இல் 40 சதவீதம் போனால் 108, அசலே வராது. கடைக்குப் போகும் எண்ணம் இருந்தால் விலையை முதலிலேயே அதற்கேற்பப் போடுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு விற்பனையில் ஜிஎஸ்டி கிடையாது.

டெம்மி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு தொகுதி. 112, 128, 144 என்று வருகிற மாதிரி பக்கத்தை அமைத்தால் தாள் வீணாகாது. என் புத்தகம் முதலில் 131 பக்கம் வந்தது. மூன்று பக்கத்தைக் குறைக்க ஒரு நாள் உட்கார்ந்தேன், அந்த ஒரு நாளில் கட்டுரைகளும் நன்றாகிவிட்டன.

முதல் தடவை 300க்கு மேல் போக வேண்டாம். நூலகங்கள் வாங்கும் என்று நம்பி ஆயிரம் அடித்தவர் வீட்டு இரண்டாங்கட்டில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். 100க்குள் போதும் என்றால் டிஜிட்டல் அச்சு நல்லது, பிரதிக்கு விலை கூடினாலும் கையில் தேங்காது.

காலம் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை அச்சகங்களில் காலண்டர், டைரி, சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலை என்று நெருக்கும். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை. பங்குனி, சித்திரையில் போனால் நம்மை உட்காரவைத்துப் பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.

6. புத்தகம் வந்த முதல் 30 நாள்

1954ஆம் ஆண்டு நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். நீங்களே பதிப்பாளர் என்பதால் இது உங்கள் வேலை. நான்கு பிரதியை முதல் கட்டிலிருந்தே எடுத்துத் தனியாக வையுங்கள், பிறகு எடுக்கலாம் என்றால் தீர்ந்துபோகும். கூடவே ஒரு சின்னக் கடிதம் வைத்து, அனுப்பிய ரசீதைக் கோப்பில் போடுங்கள்.

பதிப்புரிமை, எழுதிய கணமே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. சான்றுக்காக வேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்ப எண் வந்தபின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதன் பிறகே பரிசீலனை தொடங்கும். மாதக்கணக்கில் ஆகலாம். நான் செய்யவில்லை.

தபாலுக்கு, 2025 மே மாதம் முதல் அஞ்சல் துறையில் ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். 128 பக்கப் புத்தகம் உறையோடு 200 கிராமைத் தாண்டாது. பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் அச்சாகியிருக்க வேண்டும், உள்ளே கடை விளம்பரம் இருந்தால் ஏற்கமாட்டார்கள். செலவைக் குறைக்கப் பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

7. வாசகர் சொல்லுக்கு ஒரு நோட்டு

புத்தகம் போன பதினோராம் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏன் ஆத்தா, பிள்ளையார் நோன்பு இழைக்குப் பன்னண்டு நூலுன்னு போட்டிருக்கியே. எந்த ஊருல பன்னண்டு?"

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 34ஆம் பக்கம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூலைத் திரித்துத் திரியாக்கி, அந்த இழையை மாவில் வைத்துச் சுடரோடு எடுத்துக்கொள்கிற நோன்பு. சின்ன வயதிலிருந்து வருஷம் தவறாமல் வாங்கிக்கொண்டவள் நான். நாள் 21 என்று சரியாகத்தான் இருந்தது, அடுத்த வரியில் நூல் 12. நானே தட்டியது, நானே மூன்று முறை படித்தது.

கை நடுங்கியது. "ஆமா ஆச்சி, தப்புத்தான்" என்றேன். "சரி, திருத்திப்போடு. மத்ததெல்லாம் எங்க அப்பத்தா சொன்ன மாதிரியே இருக்கு" என்று வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் ஒரு நோட்டு போட்டேன். நீங்கள் புத்தகம் வருவதற்கு முன்பே போடுங்கள். தேதி, யார், எந்தப் பக்கம், என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், இவ்வளவுதான். எழுதிவிட்டால் மனசுக்குள் அதையே உருட்டிக்கொண்டிருப்பது பாதி குறைகிறது. எழுதும்போதே இது தகவலா, வருத்தமா, விருப்பமா என்பதும் தெரிந்துவிடும்.

தகவல் பிழை என்றால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள், நன்றி சொல்லுங்கள், உடனே திருத்தச் சீட்டு போடுங்கள். ஒரு தாளில் எட்டுச் சீட்டு வரும். 300 சீட்டுக்கு 38 தாள், நகல் கடையில் 76 ரூபாய்தான் ஆனது. கையில் மீதமிருந்த பிரதிகளில் ஒட்டினேன், வாங்கியவர்களுக்குச் சீட்டின் படத்தை அனுப்பினேன். அதில் யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

மனவருத்தம் என்றால் அன்றைக்குப் பதில் சொல்லாதீர்கள். "நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இரண்டு நாளில் நானே பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி பேசுங்கள். அந்தக் கடன் விவகாரம் இப்படித்தான் வந்தது. யாரோ அந்தப் பத்தியை மட்டும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் அந்த ஐந்து வரியைப் படித்தால் எனக்கே தப்பாகத்தான் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்குக் குழுவில் நீளமாக விளக்கம் எழுதினேன். அதற்கு மேல் நாற்பது செய்தி. குழுவில் விளக்கம் எழுதுவதுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு. அங்கே பேசுபவர்களில் பாதிப் பேர் புத்தகத்தையே பார்க்காதவர்கள்.

மறுவாரம் சம்பந்தப்பட்ட அத்தை வீட்டுக்கு நேரில் போனேன். காப்பி கொடுத்தார்கள், வெகுநேரம் வேறு பேச்சு. கடைசியில், "நீ எழுதினது பொய்யில்ல. ஆனா என் பேத்திக்கு வரன் பாக்குற நேரம்" என்றார்கள். எழுதியது உண்மை என்பதால் எழுத எனக்கு உரிமை உண்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாம் அச்சில் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். கட்டுரைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. எல்லா வருத்தத்துக்கும் இப்படி இறங்கிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. "பெண்பிள்ளை வீட்டு விஷயத்தை ஏன் எழுத வேண்டும்" என்று ஒருவர் சொன்னார். அதை நோட்டில் எழுதி, எதிரே "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று போட்டேன்.

8. பாராட்டிலும் மௌனத்திலும் கவனம்

பாராட்டு வரும், நிறைய வரும். வாங்கிக்கொள்ளுங்கள், மகிழுங்கள். ஆனால் கூடவே, "அடுத்தது எங்க வீட்டைப் பத்தி எழுது", "சமையலா எழுது, அதுதான் விக்கும்" என்று வரும். நான் ஆறு மாதம் மற்றவர்கள் கேட்டதையே எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. இது விருப்பம் என்ற வகை. நோட்டில் எழுதி வைத்து, ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள்.

மௌனம் இன்னும் கடினம். இலவசமாகக் கொடுத்த 60 பிரதியில் பதில் சொன்னவர்கள் ஒன்பது பேர். பார்க்கும் இடத்திலெல்லாம் "படிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என்னைப் பார்த்ததும் பந்திப் பக்கம் திரும்பிப் போனபோதுதான் புரிந்தது. கேட்காதீர்கள். கொடுக்கும்போதே, "பதில் சொல்லணும்னு இல்ல, தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அப்படியே ஒரு வரி போட்டு, கருத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். சொந்தக் கைபேசி எண்ணை அச்சிட வேண்டாம். என் எண் அச்சாகியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேலும் அழைப்பு வந்தது. அந்த மின்னஞ்சலை வாரத்தில் ஒரு நாள் திறந்தால் போதும், எனக்கு ஞாயிறு காலை.

9. இரண்டாம் அச்சுக்கு முன்

கையில் 30 பிரதி மிஞ்சும்போதே முடிவெடுங்கள். நோட்டை முதலிலிருந்து படித்து, தகவல் பிழைகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி அச்சகத்துக்குக் கொடுங்கள். எனக்கு 17 வந்தது. பக்க எண் மாறாத அளவுக்குத் திருத்தினால் வடிவமைப்புக் கூலி மிச்சம், 17 திருத்தத்துக்கும் சேர்த்து 300 ரூபாய்தான் வாங்கினார்கள். அட்டையை மாற்றாதீர்கள், அதே கோப்பு போதும்.

திருத்திய பக்கங்களை, பிழை சொன்னவர்களிடமே திரும்பக் காட்டுங்கள். 34ஆம் பக்கத்தின் மெய்ப்பை எடுத்துக்கொண்டு கண்டனூருக்குப் பேருந்தில் போனேன். ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து, விரலை வரியில் வைத்து மெதுவாகப் படித்தார்கள். "இருபத்தொண்ணு. சரி" என்றார்கள். அப்புறம் விரல் இரண்டு வரி கீழே போய் நின்றது.

"மாசமா இருக்குற பொண்ணுக்கு வயித்துப் பிள்ளைக்குன்னு இன்னொரு இழை கொடுப்போமே. அதை எழுதலையே நீ?"

எழுதவில்லை. அங்கேயே உட்கார்ந்து மெய்ப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பதினெட்டாவது திருத்தம். அதையும் சேர்த்துத்தான் அச்சுக்குப் போனது.